மீட்டர்

வஃப்ராவில் ஏழாம் வரிசைக்கு
ரோட்டவேட்டர் போகவில்லை.
பெல்ட் அறுந்தது, ஷுவைக்கிலிருந்து வரணும்.
அதுவரை அரிவாள் என்றார் ஹம்தி,
கெய்ரோவில் மண் படித்தவர்.
அவர் மண்ணைத் தொட்டு நான் பார்த்ததில்லை.

முதல் ஆறு வரிசையில்
மூன்று வருஷமாய்
பதினைந்து நாளுக்கு ஓர் உழவு,
நடுவே ஒரு மருந்து.
கோரை இல்லை, அருகு இல்லை.
மண்ணும் இல்லை, மாவு.
தண்ணீர் விட்டால் மேலே தோல் கட்டும்,
அப்பளமாய் வெடிக்கும்,
ஓரத்தில் உப்புப் பூக்கும்.
ஷமால் அடித்தால் எங்கள் பேரீச்சங்காடு
பக்கத்துப் பண்ணை ஒட்டகத்தின்
கண்ணுக்குள் போய் விழும்.

ஏழில் நானும் ரொபியுலும் குனிந்து அறுத்தோம்.
வேரோடு பிடுங்க இடுப்பு விடவில்லை.
அறுத்ததை அள்ளச் சோம்பல்.
கிடந்த இடத்திலேயே காய்ந்தது.

ஜூலை.
செருப்பு வார் சருகில் மாட்டியது ஒருநாள்.
குனிந்தவன் விலக்கி விரலை விட்டேன்.
முதல் கணுவரை சூடு.
இரண்டாம் கணுவில் ஈரம்!
மண் பொலபொலவென்று,
நல்ல உப்புமா பதத்தில்,
ஒட்டாமல், தூளாகாமல்.
செத்த வேர் விட்டுப்போன துளைவழியே
தண்ணீர் இறங்கியிருக்கிறது,
யாரையும் கேட்காமல்.

ஆறாம் வரிசையிலும் விட்டுப் பார்த்தேன்.
மணிக்கட்டுவரை கொதிக்கும் மாவு,
அதன்கீழ் உழவு அமுக்கிய பலகை.
நகம் போயிற்று.

அன்றிலிருந்து ஏழுக்கு மட்டும்
ஒருநாள் விட்டு ஒருநாள் வால்வு திறந்தேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
எனக்குத் தெரிந்த அரபி மூன்று சொல்:
தண்ணீர், சீக்கிரம், சம்பளம்.
அதை வைத்து இதை எப்படிச் சொல்ல?
ஓலை மஞ்சளாகிறதா என்று மட்டும்
தினமும் அண்ணாந்து பார்த்தேன்.
ஆகவில்லை.

மாசக் கடைசியில் ஹம்தி வந்தார்.
ஏழாம் வரிசை மீட்டரைத் தட்டினார்,
காது வைத்துக் கேட்டார்,
மறுபடி தட்டினார்.
"கர்பான்" என்றார். கெட்டுப்போச்சாம்.
நான் வாயைத் திறந்தேன்,
மூன்று சொல்லும் வரிசையாய் நின்றன.
மூடிக்கொண்டேன்.

வியாழக்கிழமை பிக்கப்பில்
புது மீட்டர் வந்தது, வெள்ளைப் பெட்டியில்.
அதன்மேல் சுருட்டி வைத்த பெல்ட்டும் வந்தது.
நாளைக்கு முதலாளி வருகிறார்,
ஏழு மட்டும் குப்பையாய்க் கிடக்கிறது, பார்.

ரொபியுல் ட்ராக்டரில் ஏறும்முன்
என்னை ஒருதரம் பார்த்தான்.
ஏறிவிட்டான்.
சாயங்காலம் ஏழு வரிசையும் ஒரே நிறம்.

இப்போது தினமும் திறக்கிறேன்.
புது மீட்டர் சரியாக ஓடுகிறது என்று
ஹம்திக்கு ரொம்பத் திருப்தி.