இந்த வாரம் நான்காம் இடம்

ஞாயிறு இரண்டு மணிக்கு
நீடாமங்கலம் கேட் சாத்தியிருந்தால்
யாரும் ரயில்வேயைத் திட்டுவதில்லை.
மன்னார்குடி வண்டிக்கு இஞ்சினை மாற்றி மாட்டுகிறார்களாம்,
மெதுவாக மாட்டட்டும்.
என் மருந்துக்கடை வாசலில்
நான்கு பைக், ஒரு நெல் லாரி, ஒரு குட்டியானை.
கவுண்டர் மேல் ரேடியோ.

"வணக்கம் நேயர்களே, இந்த வாரம்" என்கிறார் அறிவிப்பாளர்.
அந்த வாரம் எண்பத்து நான்கு ஆவணியோடு முடிந்துபோனது.
பழைய நாடாவைத் தூசி தட்டி
மறுபடி ஓட்டுகிறார்கள்.
இருந்தும் பத்தாம் இடத்தை அறிவித்ததும்
குட்டியானை ஓட்டும் ஜபருல்லா தொடையில் அடித்துக்கொள்கிறான்:
"போன வாரம் ஏழுல இருந்துச்சுங்க, இப்படியா வழுக்கும்!"
டீக்குப் பந்தயம், வடையும் சேர்த்து.

எல்லாவற்றையும் அன்றே நோட்டில் எழுதிவைத்த
குஞ்சிதபாதம் சாருக்கு மட்டும் பந்தயத்தில் இடமில்லை.
வாயைத் திறந்தால் அபராதம் பத்து ரூபாய்.
திறக்காவிட்டாலும் முகத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுகிறாள்
கொள்முதல் நிலையத்தில் சாக்கு தைக்கும் செண்பகவல்லி.
ஆகவே ஐந்தாம் இடத்திலிருந்து அவர்
ரோட்டைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும்.

நான்காம் இடம்.

எனக்குத் தெரியும் நான்காம் இடம்.
ஐந்தே நாளில் பெட்டி திரும்பிய படத்தின் பாட்டு.
இரண்டாம் சரணத்தில் புல்லாங்குழல்
வரவேண்டிய இடத்துக்கு ஒரு மூச்சு தாமதமாக வரும்.
அந்த ஒரு மூச்சுக்காக
இருபத்து மூன்று அஞ்சலட்டை போட்டேன்.
மிஷன் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை, ராத்திரி டூட்டி,
பத்தொன்பது வயது.
ஒரே பெயரில் போட்டால் கிழித்துவிடுவார்களே என்று
வார்டு ரெஜிஸ்தரைத் திறந்துவைத்து
கட்டில் வாரியாகப் பெயர் எடுத்தேன்.
எழுத்தை இடமும் வலமும் சாய்த்தேன். பேனாவும் மாற்றினேன்.
அப்படியும் நான்கைத் தாண்டவில்லை சனியன்.

அறிவிப்பாளர் வாசிக்கிறார், அந்தக் குரலுக்கு வயதே ஆகவில்லை:
"இந்தப் பாடலை விரும்பிக் கேட்டிருப்பவர்கள்
வடுவூர் தில்லைக்கண்ணு,
கொரடாச்சேரி சவுரியம்மாள்,
பொதக்குடி மு. மீராலெவ்வை..."

குடல்வால்.
பிரசவம்.
மஞ்சள் காமாலை, கட்டில் பதினொன்று.

"எங்க அத்தா!"

ரேடியோவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான் ஜபருல்லா,
கீழே விழப்போகிற பிள்ளையைப் போல.
அத்தா போனபோது அவனுக்கு ஆறு மாதம்.
வீட்டில் ஒரே ஒரு போட்டோ,
அதிலும் பாதி முகம் வெள்ளை பூத்துவிட்டது.
"பாட்டுன்னாலே புடிக்காதுன்னு சொல்லும் எங்கம்மா.
அமலோற்பவம் அக்கா, கேட்டீங்களா,
கார்டு போட்டிருக்காரு அக்கா!"

புல்லாங்குழல் தாமதமாக வந்தது.
கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினான்.
"எந்த எடத்தை ரசிச்சிருக்காரு பாருங்க."

மீராலெவ்வை என்னிடம் பேசியது இரண்டே விஷயம்.
தண்ணீர் கேட்பார். ஜன்னலைச் சாத்தச் சொல்வார்.
வியாழன் சாயங்காலம் அட்டையைப் பெட்டியில் போட்டேன்,
வெள்ளி விடியலில் கட்டில் பதினொன்றுக்கு விரிப்பு மாற்றினேன்.
அடுத்த ஞாயிறு அந்தப் பெயரை வாசித்ததும்
ரேடியோவை அணைத்துவிட்டேன்.
அதற்கு மேல் வந்த மூன்றும் இரண்டும் ஒன்றும்
எனக்கு இன்றுவரை தெரியாது.

சொல்லிவிடலாம். தம்பி, அது என் கையெழுத்து.
ஒரு மாத்திரை கிழித்துக் கொடுக்கிற நேரம்கூட ஆகாது.
அதற்குள் அவன் யாருக்கோ போன் போட்டு
அழுதபடி சிரிக்கிறான்,
இந்தப் பாட்டை ரிங்டோனாக வைக்க முடியுமா என்று
செண்பகவல்லியிடம் செல்லை நீட்டுகிறான்.

குஞ்சிதபாதம் சார் ரோட்டிலிருந்து திரும்பி
என்னையே பார்க்கிறார்.
பெயர்களையும் எழுதுகிறவரோ?
ஓடாத படத்துக்கு ஒரே வாரத்தில் இருபத்து மூன்று பேர்.
சட்டைப்பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து
நான்காக மடித்துக் கையில் வைத்திருக்கிறார்.

ரயில் போய்விட்டது. கேட் தூக்கியாயிற்று.
பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறது.
எங்கள் வாசலில் ஒருவரும் வண்டியை எடுக்கவில்லை.
"மூன்றாம் இடத்தில்..." என்கிறார் அறிவிப்பாளர்.
நான் சத்தத்தைக் கூட்டுகிறேன்.