காலி எடை

செம்பனை ஆலையின் எடைமேடையில்
எனக்கு இது பதினோராவது வருடம்.
குலையோடு லோரி ஏறும், எண் எழுதுவேன்.
கொட்டிவிட்டுத் திரும்பி ஏறும், எண் எழுதுவேன்.
இரண்டு எண்ணுக்கும் நடுவே கிடப்பதுதான்
லாபீஸில் பாதிப் பேருடைய சோறு.

கூட்டுறவுக் கழக ஆண்டுக்கூட்டத்தில்
குலுக்கலில் விழுந்தது இந்த ஏர் ஃப்ரையர்.
கறுப்பு. பெரிய முட்டை மாதிரி. காற்றிலேயே பொரிக்குமாம்.
'எண்ணெய் ஆலைக்காரன்
எண்ணெய் வேண்டாத சட்டியப் பரிசாக் குடுக்குறான்'
கைதட்டலுக்கு நடுவே பின்வரிசையில் ஒரு குரல்.
மேனேஜரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

வழக்கம்போல் பஜ்ஜி மாவு கரைத்தேன்.
தோய்த்த கத்தரிக்காயை விட்டு
மாவு கூடை ஓட்டைகளில் ஒழுகி
அடியில் தோசையாய்ப் படுத்துக்கொண்டது.
விழுகிற மாவை ஏந்திப் பிடிக்க
எண்ணெய்க்குத்தான் கை உண்டு.
காற்றுக்கு இல்லை.

மறுநாள் வெண்டைக்காய்.
கழுவித் துடைத்து
மின்விசிறிக்குக் கீழே பழைய கைலியில் பரப்பி
நீளவாக்கில் நாலாய்க் கீறி
மிளகாய்த்தூள், சோம்புப்பொடி, உப்பு,
அரிசிமாவு ஒரு பிடி, கடலைமாவு அதைவிடக் கொஞ்சம் கூட,
ஒரே ஒரு கரண்டி எண்ணெய்.
தண்ணீர் தெளிக்கவில்லை.
காய் விட்ட பசையிலேயே பிசறிப்
பொத்தானை அழுத்தினேன்.

வீடு இருண்டது.
சுவருக்கு அந்தப் பக்கமும் இருண்டது.
இரட்டை வீடு, கம்பெனி போட்ட பழைய வயர்.
பள்ளிச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்த காக் ரோஹானி
'அலாமாக்!' என்றாள்.

அன்றே பேசி முடித்தோம்.
எட்டு மணி வரை அவள் இஸ்திரி.
எட்டுக்குப் பிறகு என் காற்று.
கரண்டுக்கு வாடகை ஒரு கிண்ணம் வெண்டைக்காய்.
கிண்ணம் வெறுமனே திரும்பவில்லை,
வேலியில் படர்ந்த சிறகவரையோடு வந்தது.
அதற்கு வேறு கணக்கு:
சிறகு முதலில் கருகும்,
உடம்பு ஆற அமரத்தான் வேகும்.
சூட்டைக் குறைத்து
ஆறாம் நிமிடம் குலுக்கி
இன்னும் ஆறு நிமிடம் பக்கத்திலேயே நிற்க வேண்டும்.
போன் வந்தால் எடுக்கக் கூடாது,
என் தங்கச்சியாகவே இருந்தாலும்.

குணாளன் பாசீர் கூடாங்கில்
முப்பது டன் எண்ணெய் இறக்கிவிட்டுப்
பத்தரைக்கு வந்தார்.
கிளினிக் அட்டையில் அவர் கொழுப்பைச் சுற்றி
சிவப்பு மையில் இரண்டு வட்டம்.
நின்றவாக்கில் ஒன்றைக் கடித்தார்.
மொறுக்கென்றது கூடத்தில் எனக்குக் கேட்டது.
'எவ்வளவு எண்ணெய் ஊத்துன?'
'ஒரு கரண்டி.'
'ஊரே இப்படி ஆரம்பிச்சா
என் லோரிக்கு யாரு டயர் மாத்துறது?'
கேட்டுக்கொண்டே கிண்ணத்தைக் காலி செய்தார்.
கவலைப்பட்டவர் மாதிரித் தெரியவில்லை.

தூக்கம் வராத ஒரு ராத்திரி,
தொழில் புத்தி,
சமையல் தராசில் வைத்துப் பார்த்தேன்.
உள்ளே போனது நானூறு கிராம்.
வெளியே வந்தது நூற்றுப் பன்னிரண்டு.
இருநூற்று எண்பத்தெட்டு
எந்தச் சீட்டிலும் ஏறாமல் போயிருக்கிறது.
ஜன்னல் கண்ணாடியில் கொஞ்சம்,
என் முடியில் கொஞ்சம்,
சுவர் இடுக்கு வழியே
காக் ரோஹானி தேய்த்து மாட்டிய சட்டைகளில் கொஞ்சம்.
நாளைக்குச் சபையில் நிற்கும்போது
அவள் சின்னவன்மேல் சோம்பு மணக்கும்,
பக்கத்துப் பையனுக்குப் பசிக்கும்.

ஆலையில் இத்தனை குறைந்தால்
விளக்கக் கடிதம் கேட்பார்கள்.
இங்கே கேட்க ஆளில்லை.
கிண்ணத்தின் அடியில் மிளகாய்த் துகள்.
விரலை நனைத்து
ஒற்றி எடுத்தேன்.