ஏழாம் கட்டு

விடிகாலை ஐந்துக்குப் பனி தள்ளும் வண்டியை
நகராட்சிக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்து
பூட்ஸைக் கழற்றாமலே நிலவறைக்கு இறங்கினேன்.
மறுபடி அதே இடம்.
ஏழாம் வளையத்தின் காலடியில்
நகக்கண் அளவுக்கு ஒரு வெளிறல்.

மற்ற கட்டுகளெல்லாம் வார்னிஷைக் குடித்திருந்தன.
உலர்ந்த பட்டுநூல் ஆரஞ்சாகத்தான் தெரியும்.
உள்ளே இறங்கினால் இருண்டுபோய்
இஷ்பெமிங் மண்ணாகும்:
தாது ரயில் போன தண்டவாளத்தோரம்
மழை நின்றதும் தெரிகிற சிவப்பு.
லெம்பி ஹாட்டுலா கேட்டது அதைத்தான்.
"எல்லாக் கட்டும் ஒரே சிவப்பா இருக்கணும்.
முடியாதுன்னா இப்பவே சொல்லிடு."
தபால் பிரிக்கிறவள். ஒருவர் கடிதம்
அடுத்தவர் பெட்டியில் கிடந்தால் தூங்கமாட்டாள்.

பிளேடு எடுத்தேன்.
வளையக் காலின் உலோகத்தின் மேல் கீறினால்
நூல் மட்டும் அறும், மூங்கிலில் கோடு விழாது.
முதல் தடவை, விரல் எண்ணெய் என்று நினைத்து
ஸ்பிரிட்டில் கை கழுவிச் சுற்றினேன்.
இரண்டாம் தடவை தூரிகைமேல் பழி.
மூன்றாம் தடவை, ஒப்புக்கொள்கிறேன், வானிலைமேல்.
நான்காம் தடவை
திட்டுவதற்கு யாரும் மிச்சமில்லை.

நெகாவ்னி திருப்பத்தில் பிடிபட்டது.
வண்டிக்குள் ஹீட்டர். இருக்கையில் மூடி திருகிய
காலித் தண்ணீர்ப் புட்டி.
கண்ணாடியைச் சுரண்டக் கதவைத் திறந்தேன்,
குளிர் பட்டதும் 'டொக்' என்று
புட்டி வயிற்றை எக்கிக்கொண்டது.

அட.
வளையக் கால்மேல் நூல் ஏறும் இடத்தில்
இருபுறமும் ஒரு பொடிச் சுரங்கம், அதற்குள் காற்று.
நான் குளிரில் பூசுகிறேன், பிறகு அடுப்பை ஏற்றுகிறேன்.
காற்று பருத்து, வருகிற வார்னிஷை
வாசலிலேயே தள்ளிவிடுகிறது.
மாற்றிச் செய்.
முதலில் கோலைச் சூடாக்கு. ஆறும்போது பூசு,
டர்பன்டைன் விட்டு, தண்ணீராய், உருட்டி உருட்டி.
காற்று சுருங்கட்டும். பட்டு தானே இழுத்துக்கொள்ளும்.

இழுத்துக்கொண்டது.
விளக்கடியில் பதினொரு கட்டும் ஒரே சிவப்பு.
நிலவறையில் தனியாக நின்று கை தட்டினேன்,
இரண்டே தட்டு. மூன்றாவது அசட்டுத்தனமாகப் பட்டது.

ஞாயிறு மதியம் கோலை வெளியே எடுத்துப் போனேன்.
முழங்கால் பனி. மேகமில்லை.
பனிவெளிச்சத்துக்குப் பொய் வராது,
மரியாதையும் தெரியாது.
ஏழாம் கட்டு மட்டும்
லேசாக ஊதாப் பக்கம் சாய்ந்திருந்தது.

வெளிறல் இல்லை, திட்டு இல்லை.
சீரான, அழகான,
வேறொரு சிவப்பு.

நாலு முறை அறுத்த நூலெல்லாம்
கூடையில் சுருள்சுருளாய்க் கிடந்தது.
அதனால்தான் பழைய கண்டு தீர்ந்தது,
ஐந்தாம் முறைக்குப் புதுக் கண்டு பிரித்தேன்.
அதே கம்பெனி, அதே எண்.
வேறொரு நாள் கொதித்த சாயம்.

இரவெல்லாம் யோசித்தேன், சாலை உப்பைத் தூவியபடி.
கோல் இரண்டு துண்டு.
அடித்துண்டில் இரண்டு வளையம், நுனித்துண்டில் ஒன்பது.
நடுவில் வெள்ளி மூட்டு.
கண் அங்கே ஒரு மூச்சு விடும்.
மூச்சு விட்ட கண்ணுக்குப்
பழைய சிவப்பு பாதி மறந்திருக்கும்.
நுனியில் மிச்சமிருந்த எட்டுக் கட்டையும் அறுத்து
புதுக் கண்டில் சுற்றினேன். சூடாக்கி, ஆறவிட்டு, பூசி.
தந்திரம்தான். நல்ல தந்திரம்.

லெம்பி புதன்கிழமை வந்தாள்.
கோலை வளைத்துப் பார்க்கவில்லை, எடை கேட்கவில்லை.
நேரே ஜன்னலுக்குப் போனாள்,
மூட்டைக் கழற்றினாள்,
இரண்டு துண்டையும் தோளோடு தோளாக
வெயிலில் பிடித்தாள்.

நான் அடுப்பைப் பார்த்தேன்.

"எது புதுசு?"
"நுனி."
"அதில் இன்னும் நூல் இருக்கா?"
"இருக்கு."

பாதிப் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தாள்.
நுனித்துண்டைத் துணியுறையில் போட்டுக்கொண்டாள்.
அடித்துண்டை என் கையில் கொடுத்தாள்.
"மீன் பிடிக்க விட இன்னும் ஏழு வாரம் இருக்கே" என்றபடி
கையுறை மாட்டிக்கொண்டு படியேறினாள்.

பிளேடைத் தேடினேன்.
அது கையெட்டும் தூரத்தில்தான் இருந்தது.