தங்கூசி

உசிலம்பட்டி தாண்டும்போது
பைக்குள்ளேயே அறுந்தது,
மாத்திரை சாம்பிள்களுக்கு நடுவே
படுத்து வரும் முழங்கை நீள யுகலேலேயில்.

டவுன்ஹால் ரோட்டில்
கம்பி என்றால் எஃகை எடுத்து வைக்கிறார்,
நரம்பு என்றால் என் மணிக்கட்டைப் பார்க்கிறார்.
அறுந்தது மேல் நரம்பு.
கிடாரில் அந்த இடம் தடித்த குரலுக்கு.
இதில் மட்டும்
மெலிந்த ஒன்று நின்று கீச்சிடும்.
சொன்னேன். "அப்ப அது ராங்கா மாட்டினது சார்."

துண்டு நைலானா, வேறா?
கடித்துப் பார்த்தும் தெரியவில்லை.

கீழவாசல் தூண்டில் கடையில்
ஜெய்லாப்தீன் அதைத் தண்ணீர் டம்ளரில் அமுக்கி விட்டார்.
தயங்கித் தயங்கி இறங்கினால் நைலானாம்.
இது விறுவிறுவென்று அடிக்குப் போனது.
"ஃபுளோரோகார்பன். கெண்டைக்குக் கண்ணே தெரியாது."
ஆற்றில் தண்ணி இல்லையே, யாருக்கு விக்கிறீங்க?
"உங்களுக்குத்தான்."

புள்ளி ஐந்து ஏழு, இரண்டு மீட்டர்.
முப்பது ரூபாய்த் தங்கூசி.

லாட்ஜில் ஏற்றினேன்.
நிற்கவில்லை.
முறுக்க முறுக்கச் சுருதி இறங்குகிறது.
பக்கத்து அறைக்காரர் சுவரைத் தட்டினார்.
நாளை ராஜபாளையம், மறுநாள் தென்காசி.
இழுபட்டு இழுபட்டுப்
படிந்துவிடும் என்கிறார்கள்.

எனக்கு இந்த வேலையில்
பதினோராம் வருஷம்.