வெறுந்தட்டில் ஏழு

வழுக்கையாற்றில் இப்போது தண்ணி இல்லை.
ஆடி மாதம். அராலிப் பாலத்தடியில்
சேறு வெடித்துக் கிடக்கிறது.
வெடிப்புகளுக்குள் நண்டுகள் குடியிருக்கின்றன,
எங்களைக் கண்டு கதவடைக்கின்றன.

நான் குழாயைப் பிடிக்க
பிரதீபன் சுத்தியலால் அடித்தான்.
முப்பத்தெட்டுச் சென்ரிமீற்றரில்
சுண்ணக்கல் 'ணங்' என்றது.
அதற்குக் கீழே எங்கள் கிணறுகள்.

புல்லுக்கட்டோடு போன ஒரு அக்கா நின்று பார்த்தா.
"என்ன பிள்ளையள், தங்கம் கிங்கம் தாட்டுக் கிடக்கோ?"
"பிளாஸ்ரிக் தேடுறம் அக்கா."
அவ அக்கரையைப் பார்த்தா.
கண்டல் கிளைகளில் சொப்பின் பைகள்,
ஒரு யூரியாச் சாக்கு, ஐஸ்கிரீம் கோப்பை,
ஒற்றைச் செருப்பு.
"அதுக்கேன் கிண்டுறியள்?
மேலயே கிடக்கு, அள்ளிக்கொண்டு போங்கோவன்."

ஆய்வுகூடத்தில்
மண்ணை உப்புக் கரைசலில் கலக்கி
ஓர் இரவு விட்டு வைத்தேன்.
மண் அடியில் படிந்தது.
படியாதவை மேலே வந்து மிதந்தன.
இடையில் இரண்டு தரம் கரண்ட் போய் வந்தது.

நுணுக்குக்காட்டியில்
முதலில் நீலம்: வலைநூல்.
பிறகு நிறமில்லாத ஒரு துண்டு,
நகம் வெட்டிப் போட்டது போல.
சிவப்பு, வெள்ளை, சிவப்பு.
கீழே போகப் போகக் குறையும் என்றிருந்தேன்.
குறைந்தது. பிறகு, இருபத்தாறாம் சென்ரிமீற்றரில்
பச்சை இழை, கட்டாக.
வெயில் குடித்து வெளிறிய பச்சை.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
பாலத்தின் இரண்டு முனையிலும்
மண் நிரப்பி அடுக்கியிருந்த சாக்குகள்.
அவற்றுக்கு நடுவில் சைக்கிளை உருட்டி,
புத்தகப் பையைத் திறந்து காட்டி,
பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.
படிவத்தில் எழுதினேன்:
வடிவம், இழை. நிறம், பச்சை. மூலம், தெரியாது.
பொய்யில்லை. எந்தக் காலத்து மூட்டை,
யார் அடுக்கினது என்று
இழை சொல்லாதுதானே.

காற்றில் விழுவதைப் பிடிக்க
மேசையில் ஒரு வெறுந்தட்டு வைப்பது வழக்கம்.
ஈரத்தாள், வேறொன்றுமில்லை.
கடைசியாக அதையும் பார்த்தேன்.
ஏழு.
இரண்டு கறுப்பு. ஐந்து மஞ்சள்.
கண்ணை எடுத்துக் குனிந்தால்
மடியில் என் மஞ்சள் துப்பட்டா.
பருத்தி என்று சொல்லித்தான் விற்றான்.

நாற்பத்தொன்றில் ஏழைக் கழித்தேன்.
ஆற்றின் கணக்கு முப்பத்துநாலு.
கழித்ததை எங்கே வைப்பது என்று கேட்டேன்.
பிரதீபன் சிரித்தான்,
"அது பிழை அக்கா, பிழையை ஒருதரும் வைக்கிறேல்லை."

சனிக்கிழமை துப்பட்டாவைத் தோய்த்தேன்.
மஞ்சள் தண்ணி வாளியோடு
கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்,
மாரியில் அது ஆற்றுக்குப் போகும்.
இந்தப் பக்கம் வாழை.

வாழைக்குத்தான் ஊற்றினேன்.
குலை தள்ளியிருந்தது.