பதிலளிப்பவர் 7

ராயக்கோட்டை லாட்ஜில், இரவு பதினொன்றரைக்கு,
காதில் மாட்டிய குரலைத்
தாளில் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.
ஒரு மணி நேரப் பேச்சுக்கு
ஆறு மணி நேர எழுத்து.
லாரி ஹாரன், பெட்டி இழுபடும் சத்தம்,
தெலுங்கில் யாரோ கூவும் ஏலம்,
எல்லாவற்றுக்கும் அடியில்
தக்காளி மண்டிக் கணக்கர் திம்மராயப்பா.

திம்மராயப்பா என்று எழுதக் கூடாது.
நெறிமுறைக் குழுவுக்குக்
கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.
பதிலளிப்பவர் 7.
ஆண். வயது ஐம்பத்து நான்கு.
முப்பத்தொரு வருடமாக அதே நாற்காலி.

முதல் நாற்பது நிமிடம் பாடப்புத்தகம்.
நூற்றுக்குப் பத்து கமிஷன்,
பெட்டிக்கு நாலு ரூபாய் கூலி,
"சுத்தமான கணக்கு மேடம்,
ஆடிட்டர் ஒரு கேள்வி கேட்டதில்ல."
நானும் கேட்காமலே எழுந்திருப்பேன்.
பேரேட்டில் விரல் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

ம.செ. 185
ம.செ. 204
ம.செ. 310

மற்ற செலவு.
மாசியில் மாதத்துக்கே இரண்டு வரி.
கிலோ இரண்டு ரூபாய்க்கு விழுந்த ஆவணியில்
பக்கத்துக்குப் பதினான்கு.
எண்களை மட்டும் நம்புகிறவர்
இங்கே ஒரு வரைகோடு போட்டுக்கொண்டு
மூன்றரை பஸ்ஸைப் பிடித்திருப்பார்.
நான் கேட்டேன்: இது என்ன செலவு?

"அதுங்களா.
பன்னெண்டு பெட்டி. வித்தது முந்நூத்தறுபது.
வண்டி வாடகை நானூத்தெம்பது.
கூலி நாப்பத்தெட்டு, கமிசன் முப்பத்தாறு.
கூட்டிப் பாருங்க.
இருநூத்தி நாலு அந்தாளு நமக்குக் குடுக்கணும்.
தக்காளியும் குடுத்துட்டு
காசும் குடுத்துட்டுப் போவானா?
சீட்டுல சைபர்னு போட்டு
அனுப்பிடுவேன்."

முதலாளி கேட்கமாட்டாரா?

(மௌனம். 11 நொடி.)

"டீ சொல்லட்டுங்களா?"

என்னிடம் இருபத்து மூன்று குறியீடுகள் இருக்கின்றன.
நம்பிக்கை: பச்சை. அதிகாரம்: சிவப்பு.
விதிமீறல் ஒரு மங்கலான ஆரஞ்சு.
பதினொரு நொடியை
எந்தப் பேனாவால் அடிக்கோடிடுவது?
நான்கு தடவை ஓட்டிக் கேட்டுவிட்டேன்.
மூன்றாவது நொடியில் ஒரு பெட்டி விழுகிறது.
ஏழில் ஒரு பைக் கிளம்புகிறது.
ஒன்பதில்
பேனா மூடியை மூடுகிற சின்ன டப்.

ரெக்கார்டரை அணைத்த பிறகு அவர்தான் கேட்டார்:
"எம் பேரு வருங்களா புக்குல?"
வராது, ஏழு என்று வரும்.
டீ புரையேறச் சிரித்தார்.
"அப்ப நானும் ம.செ.தானா!"

அணைத்த பின் சொன்னது தரவு ஆகாது.

இருந்தாலும் பயம் வருகிறது.
முப்பத்தொரு வருடக் கணக்கர்
இந்த ஊரில் எத்தனை பேர்?
முதலாளியின் மகன்
ஓசூரில் எம்.பி.ஏ. படிக்கிறானாம்.
வருடத்தை அடித்தேன். வயதை அடித்தேன்.
ராயக்கோட்டையை அடித்து
'ஒரு வட மாவட்டச் சந்தை' என்றாக்கினேன்.
தக்காளியை
'எளிதில் அழுகும் விளைபொருள்'.
பேச்சில் இருந்த 'ங்க'வையும் எடுத்துவிட்டேன்,
அதில் கூட ஊர் தெரிந்தது.
அப்புறம் படித்துப் பார்த்தால்
யாரும் யாருக்கும் எதையும்
மன்னித்ததாகவே தெரியவில்லை.

இங்கே சொன்ன பேரும் அவருடையதல்ல.
ஊர் இதுதான் என்றும் நம்பிவிடாதீர்கள்.

களப்பயணச் செலவுப் படிவம்:
பஸ் நாற்பத்தாறு. லாட்ஜ் அறுநூறு.
டீ இருபத்து நான்கு (இரண்டாம் நாள் நான் வாங்கியது).
விடியற்காலை மண்டி வாசலில்
சைபர் போட்ட சீட்டைக்
கண்ணாடி இல்லாமல் தூரத்தில் பிடித்துப்
படித்துக்கொண்டு நின்றவருக்கு
பஸ்ஸுக்கென்று கொடுத்தது
நாற்பது ரூபாய்.
அதற்குக் கட்டம் இல்லை.
இதர, என்று போட்டேன்.

திங்கட்கிழமை நிதிப் பிரிவிலிருந்து போன்:
"மேடம், இந்த இதர நாற்பது
என்னன்னு சொல்ல முடியுமா?"