அரை ஆயுள்

நீலாங்கரையில் படகைத் தள்ளும்போது
மணி ஐந்தே முக்கால்.
"நீவாடு இல்ல, தண்ணி தெளிவு" என்றார் தேசிங்கு.
அவர் தெளிவு என்றால்
நீட்டிய கையில் விரல்களை எண்ணலாம், அவ்வளவுதான்.

மணிக்கட்டில் டைவ் கம்ப்யூட்டர்.
யாரோ புதுச்சேரிக்காரர் பாதி விலைக்கு விற்றது.
வாங்கிய இரவே
அவருடைய முப்பத்தெட்டு மீட்டர்களை
ஒவ்வொன்றாய் அழித்தேன்.
அவர் துணிச்சலுக்குத் திருகி வைத்திருந்த அளவை
என் நாற்பத்தொரு வயதுக்கு இறக்கினேன்.
நன்னீர் என்றிருந்ததை உப்புநீர் ஆக்கினேன்.
புது பேட்டரி.
மருந்துக்கடையில் நிற்பவள் நான்,
இன்னொருத்தர் சீட்டைக் காட்டி
எனக்கு மாத்திரை எடுத்துக்கொள்வதில்லை.

பதினெட்டு மீட்டர்.
பாறையிடுக்கில் ஒரு சிங்கி இறால்,
மீசை மட்டும் வெளியே.
இன்னும் முப்பத்தொரு நிமிடம் என்றது திரை.
அந்த நிமிடங்கள் என்னுடையவை அல்ல.
எட்டு மணி நேரம் தூங்கிய,
சொம்பு சொம்பாய்த் தண்ணீர் குடித்த,
சனிக்கிழமை ராத்திரி ஸ்டாக் எடுக்காத
ஏதோ ஒரு கணக்கு உடம்புடையவை.
பதினைந்தை அங்கேயே விட்டுவிட்டு
கட்டைவிரலை உயர்த்தினேன்.

ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நிற்கவேண்டும்.
டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மாதிரி.
பார்க்க ஒன்றுமில்லை,
இவாஞ்சலினின் மஞ்சள் ஃபின்களைத் தவிர.

மேலே வந்தால்
நங்கூரம் பாறையில் மாட்டியிருக்கிறது.
தேசிங்கு இழுக்கிறார், அவர் மருமகன் இழுக்கிறான்,
கயிறு முனகுகிறது.
இவாஞ்சலின் அதற்குள் சிலிண்டரைக் கழற்றியாயிற்று.
ஒற்றை மூச்சில் இருபத்தைந்து தொடுகிறவள் அவள்.
"ஒரே மூச்சு. எடுத்து விட்டுட்டு வந்துடறேன்."
தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள்,
அது என்ன காட்டியதோ,
வாரை அவிழ்த்தாள்.
"கழட்டிட்டா இதுக்குத் தெரியாதுல்ல."

இதுக்குத் தெரியாதுதான்.

விழுங்கிய மாத்திரையில் பாதி போக இத்தனை மணி,
மிச்சத்தில் பாதி போக மறுபடி அத்தனை மணி.
கடலுக்கடியில் மூச்சோடு வாங்கியதும் அப்படித்தான்,
ரத்தம் சீக்கிரம் கொடுத்துவிடும்,
முட்டி கொடுக்காது, இழுத்தடிக்கும்.
நாள் முழுக்க இழுத்தடிக்கும் இடங்களும் உண்டு உள்ளே.
அது அடங்குமுன்
மூச்சடக்கி இறங்கி
விருட்டென்று ஏறினால்
எந்தக் குமிழி எங்கே போய் அடைக்கும் என்று
எந்தத் திரையிலும் வராது.

இதில் ஒரு வார்த்தையும் நான் சொல்லவில்லை.
அவளுடைய இடது ஃபின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எழுந்திரு."
"மாட்டேன்."
"பைத்தியமா உனக்கு?"
மருமகன் சிரித்தான்.
தேசிங்கு சிரிக்கவில்லை.
எங்கள் இருவரையும் பார்த்தார்,
கயிற்றைப் பார்த்தார்,
கத்தியை எடுத்து ஒரே இழுப்பு.
"நங்கூரம் ரெண்டாயிரத்து எட்டுநூறு. கயிறு தனி."

ஆளுக்குப் பாதி கொடுத்தோம்.
கரை வரை அவள் பேசவில்லை.
அவிழ்த்ததைத் திரும்பக் கட்டவும் இல்லை.
அது அவள் பையின் வாயில் கிடந்து
யாருமில்லாத கைக்கு
எண்ணிக்கொண்டே வந்தது.

ஈ.சி.ஆரில் பஸ், உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்த என் கையில்
விமானப் படம், குறுக்கே ஒரு கோடு,
பதினேழு மணி நேரம் என்று.
"ஏரோப்ளேன் மோடா அக்கா?" என்றான் ஒரு பையன்.
ஆமாம் என்றேன்.
திருவான்மியூருக்கு ஒரு டிக்கெட்.

இரவு ஒன்பதரைக்கு அவளிடமிருந்து ஒரு வரி:
ஃபின் வளஞ்சுபோச்சு, புதுசு வாங்கித் தரணும்.

இரண்டு தடவை படித்தேன்.
எழுத்துப்பிழை இல்லை.
விரல் மரத்துப்போகவில்லை என்று
எடுத்துக்கொண்டேன்.